மூக்கில்லாத ஆள்

அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஆவுடை வீட்டுக்கு எதிர்த்த ஹோட்டலில் வந்து உட்கார்ந்திருந்தாள். பெரிய பொய் என்று சொல்லிவிட முடியாது, கோயிலும் அதே தெருவில்தான், நாலு கடை தள்ளி, இவள் வந்தாளா வரவில்லையா என்று வருகைப் பதிவு எடுக்கிற உத்தியோகம் சாமிக்கும் இல்லை. ஜன்னலோர மேஜை, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த செல்போன், செல்போனுக்குள் அப்பா. தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கட்டில், கட்டிலில் விரல் நீளத்துக்கு ஒரு மனுஷர், இடுப்பு வரைக்கும் போர்வை, தலைமாட்டில் மடித்த பேப்பர். இவருக்கா இத்தனை வருஷம் பயந்து செத்தோம் என்று இருந்தது, இவ்வளவூண்டு ஆளுக்கா. அப்பாவைக் கழுவித் துடைக்க ஒரு மிஷினைக் கொண்டுவந்து இறக்கி, பீரோ மேல் காமிராவையும் வைத்துவிட்டுப் போனவன் கம்பெனிக்காரன், பாளையங்கோட்டை வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தவன். டையைப் பார்த்தபோதே அவள் முடிவு பண்ணிவிட்டாள், இது விளங்காது. "நீங்க வீட்ல இருந்தா ஐயா உங்களைத்தான் மேடம் கூப்பிடுவாங்க. ஒரு தடவை வெளியில போயிருங்க. போன்ல பார்த்துக்கிட்டே இருங்க. அவரா இறங்கி வருவார்." இறங்கி வருவாராம். யார், சிதம்பரநாதனா? பெண்டாட்டி சாகக் கிடந்தபோதுகூட ஒரு வார்த்தை இறங்கிப் பேசாத மனுஷர், ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு இறங்கி வருவார்! "என்னக்கா, என்ன சாப்பிடுதீக?" என்று சர்வர் வந்து நின்றார், தோளில் ஒரு துண்டு, அந்தத் துண்டாலேயே மேஜையைத் துடைத்தார், துடைத்ததும் மேஜை முன்னைவிட அசிங்கமானது. "ரசவடை. காப்பி. ஒரு ஸ்பூன் கொண்டாங்க." "ரசவடைக்கு ஸ்பூன் உண்டுக்கா." "ரெண்டு ஸ்பூன் கொண்டாங்க." கையால் சாப்பிடுகிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. எந்த சோப்பைப் போட்டாலும், எத்தனை தரம் போட்டாலும், வாய்க்குப் பக்கத்தில் விரல் வரும்போது மூக்கு அந்த வாடையைக் கண்டுபிடித்துவிடும், இருக்கிறதோ இல்லையோ கண்டுபிடித்துவிடும். சர்வருக்கு அதெல்லாம் எதற்கு. பெரிய இடத்துப் பொம்பளை என்று நினைத்துக்கொண்டு போகட்டும்.

கட்டிலுக்கு இந்தப் பக்கம் அது நின்றது. நெஞ்சு உயரம், வெள்ளை நிறம், கீழே சக்கரம், மெத்தை சுற்றிய இரண்டு கை, தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடித் திரை, திரையில் வரைந்த இரண்டு கண். அந்தக் கண் இமைக்கும். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தூசி விழுமா, தூக்கம் வருமா, என்னத்துக்கு இமைக்க வேண்டும்? யாரோ ஒருத்தன் ஒரு நாள் பூரா உட்கார்ந்து, இது இமைத்தால் கிழங்களுக்குப் பிடிக்கும் என்று யோசித்திருக்கிறான், அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறான். டைக்காரன் ஒரு பெரிய துணிப் பொம்மையைக் கட்டிலில் போட்டுச் செய்து காண்பித்தான். கை அடியில் போகும், உடம்பைப் புரட்டும், கட்டிலோடு பொருத்திய குழாயில் வெந்நீர் வரும், கழுவும், காற்றடிக்கும், காய வைக்கும், துணி மாற்றும், அழுக்கெல்லாம் மூடிய டப்பாவுக்குள் போய்விடும். "வணக்கம். நான் இதம். உங்கள் சௌகரியமே என் மகிழ்ச்சி" என்று ரேடியோவில் செய்தி வாசிக்கிற பொம்பளை மாதிரி சொன்னது. துணிப் பொம்மைக்கு என்ன, அதைக் கழுவினாலும் சிரிக்கும் கழுவாவிட்டாலும் சிரிக்கும். குற்றாலிங்கம் ஒசாகாவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குத் தம்பி, அங்கே ஜப்பான்காரர்களுக்கு லிங்கு-சான். "எப்படிக்கா, சூப்பர்லா?" என்றான், ஏதோ அவனே பெற்று வளர்த்து அனுப்பின மாதிரி. அம்மா செத்ததற்கு வந்தான், காரியம் முடிந்ததும் போனான், அப்பாவுக்கு வாதம் வந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போனதற்கு வந்தான், ஆஸ்பத்திரி வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், போனான். அழுகிறதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பீ அள்ளுகிறது மட்டும் அவனுக்கு வராது. அதற்குத்தான் இது. தன் கைக்குப் பதிலாக இரண்டு மெத்தைக் கையை அனுப்பியிருக்கிறான், கையோடு கண்ணும், அந்தக் காமிராப் படம் அவன் போனுக்கும் போகிறது. பார்க்கிறதாவது பார்க்கிறானா என்றால் அதுவும் சந்தேகம்.

ஒரு வாரமாக அது மூலையில் நின்றது, அப்பா அதை அண்ட விடவில்லை. பக்கத்தில் வந்தாலே "அந்தச் சவத்தை அங்கிட்டுத் தள்ளுட்டி" என்று கத்தினார், கம்பை எடுத்து அதன் திரையில் ஒரு போடு போட்டார், அது இமைத்துவிட்டு "தாங்கள் சிரமப்பட வேண்டாம்" என்றது. ஆவுடை அடுப்படியில் நின்று சிரித்தாள். மறைத்து என்ன, சிரிக்கத்தான் செய்தாள். அது வேலை இல்லாமல் நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி, அந்தக் குளிர்ச்சி எதற்கு என்று திரும்பிப் பார்த்தால் வெட்கக்கேடு. ஏனென்றால் அது ஜெயிக்க வேண்டும் என்றும் அவளுக்கு இருந்தது. நாளைக்குக் கம்பெனிக்காரன் வருவான், ஒத்துவரவில்லை என்றால் தூக்கிக்கொண்டு போய்விடுவான். இன்றைக்கு மத்தியானத்துக்குள் ஆபீஸ் மேனேஜர் ஜெபமணி சாருக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் ஆபீசில் அவளுக்கு ஆபீசர் பதவி வந்திருக்கிறது, போட்டிருப்பது ஓசூரில். முன்னாலும் வந்தது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அதற்கப்புறமும் வந்தது, அப்போதும் எழுதிக் கொடுத்தாள். இந்தத் தடவை வேண்டாம் என்றால் இனிமேல் கேட்க மாட்டார்கள், ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதே நாற்காலி, அதே ஃபேன், பக்கத்து நாற்காலியில் அதே பிரேமலதாவின் அதே மருமகள் கதை. சமையலுக்கு வருகிற செல்லக்கனி ராத்திரி பகலாக வீட்டோடு இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். "சோறு பொங்குதேன், மருந்து குடுக்கேன், பேப்பர்கூட வாசிச்சுக் காட்டுதேன். அந்த வேலை மட்டும் எங்கிட்டச் சொல்லாதீகக்கா, எனக்கு வயித்தப் பொரட்டிரும்." ஆக, ஓசூருக்கும் ஆவுடைக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு வேலைதான். வாரேன் சார். முடியாது சார். இரண்டையும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். முடியாது சார் என்பது வழவழவென்று வந்தது, பழகின வார்த்தை. வாரேன் சார் என்பது தொண்டையில் மீன் முள் மாதிரி குறுக்கே நின்றது. அப்பா கம்பை எடுப்பார், பார்த்துக்கொண்டே இரு, எடுப்பார், அடிப்பார், இவள் எழுந்து போவாள், முடியாது சார். எவ்வளவு லேசு. ஒரு மனுஷிக்குத் தன் காலில் கட்டின கயிறே இத்தனை ருசிக்குமா, தூ.

ரசவடை வந்தது. ரசத்தில் ஊறி ஊறி வடை கந்தலாகிப் போயிருந்தது. இதே ஹோட்டலைத்தான் அப்பா ஒரு காலத்தில் இழுத்துப் பூட்ட வைத்தார். முனிசிபாலிட்டியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் சிதம்பரநாதன் என்றால் ஊரில் ஹோட்டல் வைத்திருந்தவன் எல்லாம் எழுந்து நிற்பான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார், நோட்டு இல்லை, பேனா இல்லை, மூக்கு மட்டும்தான். அடுப்படி வாசற்படியில் நிற்பார், ஒரு தடவை உள்ளே இழுப்பார், "பரண்ல எலி செத்துக் கெடக்கு" என்பார். ஏறிப் பார்த்தால் கிடக்கும். "நேத்து மாவுல இன்னைக்கு மாவக் கலந்திருக்க" என்பார், முதலாளி கையைக் கட்டுவான். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். அம்மா காய வைத்த சேலையை முகர்ந்து பார்த்துத் திருப்பிப் போடுவார், ஆவுடை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் "எவ கூட உக்காந்த? எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கு, போய்க் குளி" என்பார். அவளுக்குப் பேசி வந்த மாப்பிள்ளையை ஒன்றுக்கு இரண்டு தரம் முகர்ந்து, "பயலுக்கு வாய் நாறுது, குடிப்பான்" என்று அனுப்பி வைத்தார். அடுத்தவன் தாம்பூலம் மாற்றுகிற அளவுக்கு வந்து, அவனும் வேறெதற்கோ நாறினான், அப்புறம் யாரும் வரவில்லை. ஊர் நாற்றத்தையெல்லாம் கண்டுபிடித்து ஏசின மனுஷர், கடைசியில் தன் நாற்றத்துக்கு நடுவிலேயே மல்லாந்து கிடக்கிறார். இதைச் சாமி செய்த கூத்து என்று நினைக்கும்போது ஆவுடைக்குச் சிரிப்பு வந்ததுண்டு, அந்தச் சிரிப்பில் அவளே பயந்ததும் உண்டு. வாளியும் துணியுமாக உள்ளே போனால் போதும், ஆரம்பித்துவிடுவார். "எரும மாதிரி வாரா பாரு. கையா அது, ஒலக்கையா? ஒரு வேலை ஒழுங்காத் தெரியுதா மூதிக்கு? ஒங்கம்மை ஒன்னப் பெத்ததுக்கு ஒரு அம்மியப் பெத்திருக்கலாம்." அவளும் விடமாட்டாள். "அம்மியாப் பெத்திருந்தா உம்ம மண்டையில போட்டிருப்பேன். திரும்பிப் படும். நெனைப்பு இன்னும் இன்ஸ்பெக்டர்னு." ஒரு நாள் தவறாமல், காலையில் ஒரு கச்சேரி, சாயங்காலம் ஒரு கச்சேரி. செத்துப்போன பிறகும் இந்த ஏச்சு காதில் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவளுக்குத் தோன்றும், யார் செத்த பிறகு என்பதில்தான் சந்தேகம்.

இதில் தெருக்காரர்களின் பாராட்டு வேறு. "ஆவுடை மாதிரி ஒரு மக இருந்தாப் போதும்" என்று மேலவீட்டு நாச்சியார் மதினி கோயிலில் நாலு பேர் முன்னால் சொல்வாள். சொல்லிவிட்டுத் தன் மகளைக் கோயம்புத்தூரில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தாள். தெய்வம்மா நீ என்பார்கள். தெய்வத்தை எங்கே வைப்பார்கள், கல்லில் வடித்து இருட்டுக்குள் நிறுத்தி வைப்பார்கள், எண்ணெய் ஊற்றுவார்கள், நாளைக்கு நடந்து ஓசூருக்குப் போகட்டும் பார்க்கலாம், அப்போது தெரியும் தெய்வத்தின் யோக்கியதை. "பெத்த அப்பன மிஷின்ட்ட விட்டுட்டுப் போயிட்டா பாவி" என்று அதே நாச்சியார் மதினி அதே நாலு பேரிடம் சொல்வாள். சொல்லட்டுமே என்று நினைத்தாள். நினைத்த மறுநிமிஷமே, சொல்லக்கூடாதே என்றும் நினைத்தாள். அந்தப் பாராட்டு அவளுக்குக் குமட்டத்தான் செய்தது, ஆனாலும் அதைத் தின்றுதான் இத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கிறாள், வேறென்ன இருந்தது தின்ன. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்து இறக்கின நாளிலிருந்து அவள் செய்தது எல்லாம், போகாத கல்யாணங்கள், சொல்லாமல் விட்ட பதில்கள், விட்டுக்கொடுத்த நாற்காலி, இதெல்லாம் ஒரு மகளால்தான் முடியும், வேறு யாராலும் முடியாது என்கிற ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த ஆணியை ஒரு இமைக்கிற பொம்மை வந்து பிடுங்கிவிட்டால்? சக்கரம் வைத்த ஒரு சாமானால் அதைச் செய்ய முடியும் என்றால், இத்தனை நாள் அவள் என்ன, சக்கரம் இல்லாத சாமானா? காப்பியில் ஆடை படிந்திருந்தது. ஸ்பூனால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். கம்பை எடுங்கப்பா என்று சொன்னாள், வாய்விட்டே சொல்லிவிட்டாள் போல, அடுத்த மேஜையில் இட்லி தின்றுகொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். என்ன பார்வை, முன்னே பின்னே மனுஷரைப் பார்த்ததில்லையா.

"ஏட்டி." செல்போனிலிருந்து வந்தது, ஜன்னல் வழியாகத் தெருவைத் தாண்டியும் லேசாக வந்த மாதிரி இருந்தது. அவள் உடம்பு பாதி எழுந்துவிட்டது, நாற்காலி பின்னால் இழுபட்டுவிட்டது, உட்காரு என்று தனக்குத்தானே சொல்லி உட்கார வைக்க வேண்டியிருந்தது. "ஏட்டி ஆவுடை! இன்னும் வரலியா மூதி?" அந்தக் குரலை அவளுக்குத் தெரியும், வயிறு இளகிவிட்ட குரல். அடுப்படியிலிருந்து செல்லக்கனி குரல் கொடுத்தாள், "அக்கா கோயில்ல இருக்காக பெரியப்பா, வந்துருவாக. நான் வரட்டுமா?" "நீ வராத! அங்கனயே நில்லு!" அப்பா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். அது அசைந்தது. "ஐயா, உங்களுக்கு உதவி தேவையா?" "ஒரு மண்ணும் வேண்டாம். போ அங்கிட்டு." அது போனது. சுவர் வரைக்கும் போய் நின்றது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்புறம் "இங்க வா" என்றார். வந்தது. "போ." போனது. "வா." வந்தது. "போ" என்று சொல்லிவிட்டு, அது போகிறதைத் தலையைத் தூக்கிப் பார்த்தார், முகத்தில் ஒரு ஆச்சரியம், போ என்றால் போகிற பிறவியை அவர் பார்த்து வெகு காலம் ஆகியிருக்கும். ஆவுடை போ என்றால் போவாள், போய் வாளியோடு திரும்பி வருவாள், அவர் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் வருவாள். அடி, கம்பால் அடி, என்று அவள் செல்போனைப் பார்த்துச் சொன்னாள். கம்பு கட்டில் ஓரத்தில்தான் இருந்தது. "உமக்குப் பேரு என்ன வே?" என்றார் அப்பா.

வே! டீக்கடையில் சேக்காளிகளிடம் பேசுகிற பேச்சு அது, சரிக்குச் சரியான ஆளிடம், தோளில் கை போடுகிறவர்களிடம் பேசுகிறது. அந்தச் சேக்காளிகள் எல்லாம் ஒவ்வொருத்தராகச் செத்துப்போன பிறகு வீட்டுக்குள் அந்த வார்த்தை கேட்கவே இல்லை. "என் பெயர் இதம், ஐயா." "அது ஒரு பேரா வே. மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலம் மாதிரி இருக்கு." "நன்றி ஐயா." "எதுக்கு வே நன்றி சொல்லுதீரு, நான் ஏசுதேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கதவு சாத்தியிருக்கா பாரும்." "சாத்தியிருக்கிறது ஐயா." "அப்பம்... செய்யும். மெதுவா." ஆவுடை கண்ணை எடுத்திருக்க வேண்டும். மெத்தைக் கை அடியில் போனது, விரல் நீள மனுஷர் ஒருக்களித்தார், முதுகு காமிராவைப் பார்த்தது, அவள் தினமும் பார்க்கிற முதுகுதான், ஆனால் தினமும் அது ஒரு சுவர் மாதிரி விறைத்து நிற்கும், எந்த நேரமும் திரும்பி ஏசப்போகிற முதுகு, இப்போது அது ஒன்றும் செய்யாமல் சும்மா கிடந்தது, ஒரு கிழவனுடைய முதுகாக. ஏசுவார், இப்போது ஏசுவார் என்று காத்திருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "சூடு போதுமா ஐயா?" "போதும் வே." ஏச்சு வரவில்லை. "நாத்தம் அடிக்கா வே?" என்று கேட்டார் அப்பா. "மன்னிக்கவும் ஐயா. வாசனை அறியும் வசதி என்னிடம் இல்லை." கட்டில் குலுங்கியது. என்னவோ ஆகிவிட்டது, இழுக்கிறது, மூச்சடைக்கிறது என்று அவள் போனைத் தூக்கிக் கண்ணருகில் பிடித்தாள், பிடித்த பிறகுதான் தெரிந்தது, அவர் சிரிக்கிறார். "மூக்கே கெடையாதா? மூக்கில்லாத ஆளா நீரு? சொல்ல வேண்டாமா வே முதல்லயே! ஒரு வாரமா உம்மளக் கண்டு பயந்துக்கிட்டுல்லா கெடக்கேன்!"

"எம் மகளுக்கு உண்டு" என்றார், சிரிப்பு அடங்கின பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டே. "என் மூக்கு அப்படியே அவளுக்கு. வாசல்ல நிக்கும்போதே கண்டுபிடிச்சிருவா. கண்டுபிடிச்சதக் காட்டிக்கிட மாட்டா. சேலைத் தலைப்ப எடுத்து மூக்குல வச்சான்னாக்கூடத் தேவலை வே, வைக்க மாட்டா. மூஞ்சிய அப்படியே வச்சுக்கிட்டு, மூச்ச மட்டும் பிடிச்சுக்கிடுவா. கழுத்து நரம்பு ரெண்டும் பொடைக்கும். நான் பாத்துக்கிட்டே கெடப்பேன். அவ மூச்ச விடுத வரைக்கும் என்னாலயும் விட முடியாது." அது இமைத்தது. "தாங்கள் கூறியது எனக்குப் புரியவில்லை ஐயா. மீண்டும் சொல்ல முடியுமா?" "புரியாண்டாம் வே, நீரு காத்தடியும். அதுக்குத்தான் ஏசுதது. சும்மா இருந்தா அவ பாட்டுக்கு மூச்சப் பிடிச்சுக்கிட்டு வேலையப் பாப்பா, விழுந்து செத்துருவாளோன்னு இருக்கும். நாலு ஏச்சு ஏசினேன்னு வையும், அவளும் திருப்பி ஏசுவா. ஏசணும்னா மூச்ச விட்டுத்தான ஆகணும்." காற்றடிக்கிற சத்தம் நின்றது. துணி மாற்றியாகிவிட்டது, போர்வை போர்த்தியாகிவிட்டது, டப்பா மூடிக்கொண்டது, எல்லாம் துணிப் பொம்மைக்குச் செய்தது போலவே அத்தனை சுத்தமாக, அத்தனை ஒழுங்காக. "சன்னலத் தொறந்து வையும் வே. அவ வாரதுக்குள்ள வாடை போயிரட்டும்." "மன்னிக்கவும் ஐயா. ஜன்னலைத் திறக்கும் வசதி என்னிடம் இல்லை." "சன்னலும் தொறக்க மாட்டீரா? எவன் வே உம்மச் செஞ்சது!" என்று சொல்லிவிட்டு, பழைய குரலில், தெருவுக்கே கேட்கிற குரலில், "ஏ செல்லக்கனி! வந்து இந்தச் சன்னலத் தொற!" என்றார்.

ஆவுடை போனைக் கவிழ்த்து வைத்தாள். கோபம்தான் வந்தது, வேறென்ன வரும், கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தாள், இட்லிக்காரன் போய்விட்டிருந்தான். பேசத் தெரிந்த வாய்தானா அது? வாக்கியம் வாக்கியமாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு மனுஷனைப் போலப் பேசத் தெரிந்த வாயை வைத்துக்கொண்டா தினமும் எருமை என்றும் உலக்கை என்றும் அம்மி என்றும் ஏசிக்கொண்டிருந்தது? சொல்வதற்கு ஒரு தகர டப்பாதான் கிடைத்ததா, அதுவும் புரியவில்லை மீண்டும் சொல்லுங்கள் என்கிற டப்பா. இல்லை, புரியாது என்பதால்தான் சொன்னார். மூக்கு இல்லை, காது இருந்தும் இல்லை, அதனால் சொன்னார். ஆள் இல்லாத அறையில் ஒரு மனுஷர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை அவள் ஒரு ஹோட்டலில் ஸ்பூனும் கையுமாக உட்கார்ந்து ஒட்டுக்கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவரில் காது வைத்துக் கேட்கிற நாச்சியார் மதினிக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம், சுவர் ஒசாகாவில் செய்தது, அவ்வளவுதான். நான் ஒன்றும் மூச்சைப் பிடிப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தாள். பிடிப்பதுண்டு. வாசலிலேயே பிடித்துவிடுவாள், யாருக்கும் தெரியாது, அது ஒரு மரியாதை என்றே நினைத்திருந்தாள், முகம் சுளிக்காத மகள், நல்ல மகள். அந்த மரியாதையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் மூச்சு விடாமல் கிடந்திருக்கிறார், தினமும் காலையும் சாயங்காலமும், அவள் தன்னைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில். போன் அடித்தது. ஜெபமணி சார். அது அடித்துக்கொண்டே மேஜையில் நகர்ந்தது. "வாரேன் சார்" என்றாள், அவர் கேட்கும் முன்பே. "என்ன மேடம், யோசிச்சுட்டீங்களா? அப்பாவை யாரு..." "வாரேன்னு சொல்லிட்டேன்லா சார். எத்தனை வாட்டி சொல்ல?" ஆபீசராகிற பொம்பளை பேசுகிற பேச்சா இது என்று அந்த மனுஷர் நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

வீட்டில் ஜன்னல் திறந்திருந்தது. அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். மூலையில் அது நின்றது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. "கோயில்ல கூட்டமா?" "ஆமா." பேப்பரைத் தாழ்த்தி அவள் நெற்றியைப் பார்த்தார். "துன்னூறக் காணும்?" "வேத்து அழிஞ்சிட்டு. நீங்க என்ன செஞ்சீக?" "நான் என்னத்தச் செய்ய. தூங்கினேன்." "ஒண்ணும் இல்லையா?" "ஒண்ணும் இல்ல. அந்தச் சவம் இங்கனக்குள்ள நின்னுது. ஒண்ணுக்கும் ஆவாது." "அப்பம் நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போவச் சொல்லிருதேன்." பேப்பர் மடங்கியது. "எதுக்கு? கெடந்துட்டுப் போவட்டும். எடத்தையா அடைக்கு?" பாதி அறையை அடைத்துக்கொண்டுதான் நின்றது. "என்னய ஓசூருக்குப் போட்டிருக்கான். இந்தத் தடவை போறேன்." அப்பா பேப்பரில் எதையோ தேடினார். தேடினது கிடைக்கவில்லை போல. "போயேன். இங்கன ஒன்ன வச்சு ஆரத்தியா எடுத்துக்கிட்டிருக்கு." அப்புறம், "ஆபீசராவா?" "ஆபீசராத்தான்." "கோட்டிக்காரனுவ. வேற ஆளே கெடைக்கலியாக்கும்." "உங்கள இன்ஸ்பெக்டராப் போட்ட அதே கவர்மெண்டுதான்." "நெனைப்புதான்" என்றார், ஆனால் அதில் காரம் இல்லை, பழக்கத்தில் வந்த சொல். அவள் அவர் பக்கத்தில் நின்றாள். என்னமோ சொல்ல வேண்டும் என்றிருந்தது, கேட்டதைக் கேட்டேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் இந்தக் கிழவர் அந்த டப்பாவிடம்கூட இனி வாயைத் திறக்க மாட்டார், மறுபடியும் கம்பைத் தூக்குவார், மறுபடியும் சுவராவார். யாரும் பார்க்காமல் கேட்காமல் கிடக்கிற இந்த ஒன்றை அவருக்குக் கொடுக்க வேண்டுமானால் கொடுப்பது தெரியாமல்தான் கொடுக்க வேண்டும். என்ன குடும்பமோ, நல்லது செய்வதையும் திருடர் மாதிரித்தான் செய்ய முடிகிறது.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கொடியில் காய்ந்த துண்டை எடுத்து, பீரோ மேலிருந்த காமிராவின் மேல் போட்டாள். போட்டு, காற்றில் விழாமல் இரண்டு சுற்றுச் சுற்றினாள். "என்னத்தட்டி மூடுத?" "தூசி விழுது." "அது என்னது?" "கம்பெனிக்காரன் சாமான். கரண்டு சம்பந்தமா என்னமோ." அப்பா துண்டைப் பார்த்தார், முக்காலி மேல் நிற்கிற அவளைப் பார்த்தார், திரும்பவும் துண்டைப் பார்த்தார். அடுப்படி வாசற்படியில் நின்று ஒரு தடவை உள்ளே இழுக்கிற முகம் அது, அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், அந்த முகத்துக்கு முன்னால் எந்த எலியும் ஒளிந்ததில்லை. இறங்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றாள். "நீ கோயிலுக்கா போன?" "ஆமாப்பா." "சரி. போயிருப்ப" என்றார், பேப்பரைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். அவள் இறங்குவதற்குள் போன் அடித்தது, ஒசாகா. "அக்கா, இப்பத்தான் மீட்டிங் முடிஞ்சு தொறந்து பார்க்கிறேன், ஸ்கிரீன் ஃபுல்லாக் கறுப்பா இருக்கு. நெட் போயிருச்சா?" "நெட் இருக்கு. துண்டு போட்டு மூடியிருக்கேன்." "துண்டா? எதுக்கு? மிஷின் வேலை செஞ்சுதா இல்லையா?" "செய்யுது." "அப்புறம் என்னத்துக்குக்கா மூடுற? நீயும் ஓசூருக்குப் போயிட்டா அப்பாவ யாருதான் பாக்குறது?" "யாரும் பாக்காண்டாம்ல. அதுக்குத்தான அத வாங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டு ஆவுடை போனை வைத்தாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, "யாருட்டி?" "உங்க மகன்." "என்ன வேணுமாம் அவனுக்கு?" "ஒண்ணும் வேண்டாமாம்" என்றாள்.